வீட்டுக் கணினியில் பேசியே தமிழ் தட்டச்சு: எந்த மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது?

ஓய்வு பெற்றபின் வாழ்க்கைக் குறிப்புகளை எழுத உட்கார்ந்தவர்கள், மணிக்கட்டு வலியால் விசைப்பலகையைத் தொடத் தயங்குகிறவர்கள், பார்வை மங்கியவர்கள், தமிழ் தட்டச்சைக் கற்க நேரமில்லாதவர்கள் எனப் பலரும் கேட்பது இதைத்தான்: நான் பேசினால் கம்ப்யூட்டர் தமிழில் அடித்துக் கொடுக்குமா, அதற்கு எந்த சாஃப்ட்வேர் வாங்க வேண்டும்?

அடித்துக் கொடுக்கும். நன்றாகவே அடித்துக் கொடுக்கும். வாங்குவதைப் பொறுத்தவரை, பெரும்பாலானவர்கள் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவழிக்க வேண்டியதில்லை. செலவழிப்பதாக இருந்தால் அதை மைக்கில் போடுங்கள். பேச்சைப் புரிந்துகொள்ளும் வேலையைக் கூகுளோ மைக்ரோசாஃப்டோ பார்த்துக்கொள்ளும். உங்கள் குரல் தெளிவாகப் போய்ச் சேர்வதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மென்பொருள் ஒரு வீட்டில் பிரமாதமாகவும் பக்கத்து வீட்டில் மோசமாகவும் வேலை செய்வதற்குக் காரணம் பெரும்பாலும் மைக்கும் அறையும்தான். அதனால் எந்த மென்பொருள் என்று முடிவெடுக்கும் முன் செய்ய வேண்டிய வேலைகள் இரண்டு மூன்று இருக்கின்றன.

முதலில்: என்ன பேசப் போகிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

நீங்கள் பேசப் பேச எழுத்து திரையில் வர வேண்டுமா, அல்லது ஏற்கெனவே பதிவு செய்து வைத்திருக்கும் பேச்சை எழுத்தாக்க வேண்டுமா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றினாலும் வேறு வேறு வேலைகள். தாத்தாவின் நினைவுகளை ஒரு மணி நேர ஆடியோவாக வைத்திருப்பவருக்கும், புதிதாகக் கட்டுரை எழுதுகிறவருக்கும் ஒரே மென்பொருள் ஒத்துவராது.

எழுத்து எங்கே விழ வேண்டும்? ஒரு ஆவணத்தில் மட்டும் போதுமா, இல்லை மின்னஞ்சல், வாட்ஸ்அப் வெப், வங்கிப் படிவம் என்று கர்சர் நிற்கும் எல்லா இடத்திலும் வேண்டுமா?

பேசப்போகும் விஷயம் வெளியே போகலாமா? இலவசமாகக் கிடைக்கும் பெரும்பாலான வசதிகளில் உங்கள் குரல் இணையம் வழியாக அந்த நிறுவனத்தின் சர்வருக்குப் போய், அங்கே எழுத்தாகித் திரும்பி வருகிறது. கதையோ சமையல் குறிப்போ என்றால் பரவாயில்லை. வழக்கு விவரம், நோயாளியின் குறிப்பு, குடும்பச் சொத்துத் தகராறு என்றால் யோசிக்க வேண்டும்.

கடைசியாக, இணையம் எப்படி இருக்கிறது? அடிக்கடி துண்டிக்கப்படும் இடமாக இருந்தால் கணினிக்குள்ளேயே வேலை செய்யும் மென்பொருள் தேவை. அதற்கு ஓரளவு வலுவான கணினியும் தேவை.

அப்புறம் மைக்

லேப்டாப்பிலேயே இருக்கும் மைக் வீடியோ காலுக்குப் போதும். எதிர்முனையில் கேட்பவர் மனிதர். ஒரு சொல் விழாவிட்டாலும் ஊகித்துக்கொள்வார். சொல்லெழுதும் மென்பொருளும் (பேச்சைக் கேட்டு எழுதும் மென்பொருளைத்தான் அப்படிச் சொல்கிறேன்) ஊகிக்கும், ஆனால் தவறாக ஊகித்ததை உறுதியோடு எழுதி வைத்துவிடும். மேலும் லேப்டாப் மைக், விசைகளைத் தட்டும் ஓசையையும் உள்ளே சுழலும் விசிறியின் ஓசையையும் சேர்த்தே கேட்கிறது.

வாய்க்கு அருகே வரும் கம்பி போட்ட ஹெட்செட் ஒன்று போதுமானது. யூஎஸ்பி முனை உள்ளதை வாங்கினால் குழப்பம் குறைவு. வட்ட முனை உள்ள ஹெட்செட் வாங்குவதாக இருந்தால் உங்கள் கணினியில் ஒரு துளையா இரண்டு துளையா என்று முதலில் பாருங்கள். பழைய டெஸ்க்டாப்களில் ஒலிக்கு ஒன்று, மைக்குக்கு ஒன்று என்று இரண்டு தனித்துளைகள் இருக்கும். இப்போதைய மொபைல் ஹெட்செட்டில் இரண்டும் ஒரே முனையில் இருக்கும். அதை நேராகச் செருகினால் சத்தம் கேட்கும், மைக் வேலை செய்யாது. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் சிறிய கம்பி கடையில் கிடைக்கும்.

ப்ளூடூத் இயர்போனை இந்த வேலைக்குச் சிபாரிசு செய்ய மாட்டேன். பாட்டுக் கேட்கும்போது அருமையாக இருக்கும் அதே இயர்போன், மைக்கைப் பயன்படுத்தத் தொடங்கியதும் தொலைபேசி அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும். குரலின் மேல்சுருதிகள் அதில் வெட்டுப்படும். ச, ஸ, ஷ போன்ற ஒலிகளின் வித்தியாசம் இருப்பதே அந்த மேல்சுருதிகளில்தான்.

மைக்கை வாய்க்கு நேர் எதிரே வைக்காதீர்கள். உதட்டின் ஓரத்தில், இரண்டு விரல் இடைவெளி விட்டு வையுங்கள். நேர் எதிரே இருந்தால் ப, த போன்ற எழுத்துகளைச் சொல்லும்போது மூச்சுக்காற்று மைக்கில் அடித்து ஒரு வெடிப்புச் சத்தம் வரும்.

அறையைப் பற்றியும் ஒரு வார்த்தை. மின்விசிறியை நிறுத்திவிட்டு நம் ஊர் வெயிலில் யாரும் உட்கார முடியாது, அது எனக்குத் தெரியும். விசிறிக்கு நேர் கீழே உட்காராமல் சற்றுத் தள்ளி உட்கார்ந்தாலே பெரிய மாற்றம் தெரியும். மைக்கில் விழுந்து கெடுப்பது முக்கியமாக அதன் காற்றுதான், மைக்கின் தலையில் பஞ்சு உறை ஒன்று மாட்டினால் அதுவும் தணியும். தொலைக்காட்சி ஓடும் அறையில் மட்டும் வேண்டாம். சீரான இரைச்சலை இந்த மென்பொருள்கள் ஓரளவு ஒதுக்கிவிடுகின்றன. ஆனால் இன்னொரு மனிதக் குரல் கேட்டால் அதையும் எழுதத் தொடங்கிவிடும்.

மைக்கைச் செருகியதும் விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், சவுண்ட் என்று போய் இன்புட் பகுதியில் உங்கள் ஹெட்செட்டின் பெயர் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். பேசினால் அங்கே ஒரு பட்டை ஏறி இறங்க வேண்டும். பட்டை அசையவே இல்லையென்றால், அதே செட்டிங்ஸில் ப்ரைவசி பகுதிக்குள் மைக்ரோஃபோன் அனுமதி நிறுத்தப்பட்டிருக்கலாம். சில லேப்டாப்களில் மைக்கை அணைக்கவே தனி விசை ஒன்று இருக்கும், அதையும் பாருங்கள். மென்பொருள் வேலை செய்யவில்லை என்று சொல்லி வருகிறவர்களில் பலருடைய சிக்கல் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

சோதனைப் பத்தி

மென்பொருள்களை ஒப்பிட வேண்டுமானால் எல்லாவற்றுக்கும் ஒரே பத்தியைப் படித்துக் காட்ட வேண்டும். ஒன்றுக்கு வணக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு இன்னொன்றுக்குச் செய்தித்தாள் படித்தால் எது நல்லது என்றே தெரியாது. உங்கள் எழுத்தில் வழக்கமாக வருகிற பெயர்களையும் சொற்களையும் வைத்து நீங்களே ஒரு பத்தி எழுதிக்கொள்ளுங்கள். மாதிரிக்கு ஒன்று தருகிறேன்:

வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்குக் கும்பகோணத்தில் மழை பிடித்துக்கொண்டது. மலர்விழியும் ஞானசம்பந்தமும் காவிரிக் கரையோரம் இருந்த பள்ளிக்கூடத்தில் ஒதுங்கி நின்றார்கள். சட்டையெல்லாம் சேற்றுக் கறை. ஆட்டோவுக்கு இருநூற்று ஐம்பது ரூபாய் கேட்டதால் பேருந்துக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் வங்கியிலிருந்து ஓடிபி வந்தது, ஆனால் மொபைலில் சார்ஜ் இல்லை.

இதில் ஒவ்வொன்றும் ஒரு காரணத்துக்காகத்தான் இருக்கிறது. மழையா மலையா, கரையா கறையா, பள்ளியா பல்லியா என்று மென்பொருள் பிரித்தறிகிறதா என்று பார்க்கலாம். நம்மில் பலர் பேசும்போது ழகரத்தையும் ளகரத்தையும் அவ்வளவு வேறுபடுத்துவதில்லை. ரகரமும் றகரமும் இன்று பெரும்பாலான வட்டாரங்களில் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. அதனால் மென்பொருள் காதை மட்டும் நம்புவதில்லை; முன்னும் பின்னும் என்ன சொல் வருகிறது என்று பார்த்துத் தீர்மானிக்கிறது. திரையைக் கூர்ந்து கவனித்தால் இது நடப்பது கண்ணுக்கே தெரியும். "கும்பகோணத்தில் மலை" என்று முதலில் எழுதியது, "பிடித்துக்கொண்டது" என்ற சொல் காதில் விழுந்ததும் பின்னால் போய் "மழை" என்று தன்னையே திருத்திக்கொள்ளும். ஒவ்வொரு சொல்லுக்கும் நிறுத்தி நிறுத்திப் பேசினால் திருத்தம் குறையும் என்று பலர் நினைக்கிறார்கள். நேர்மாறாகத்தான் நடக்கும். நிறுத்திப் பேசினால் அதற்குச் சூழல் கிடைப்பதில்லை. முழு வாக்கியத்தையும் மனத்தில் அமைத்துக்கொண்டு, செய்தி வாசிப்பவரைப் போல ஒரே ஓட்டத்தில் சொல்லுங்கள்.

எண்களை அது எழுத்தில் எழுதுகிறதா இலக்கத்தில் எழுதுகிறதா, ஓடிபி, சார்ஜ் போன்றவற்றைத் தமிழ் எழுத்தில் தருகிறதா ஆங்கில எழுத்தில் தருகிறதா, மணிக்குக் என்பதில் உள்ள க் வருகிறதா, காத்துக்கொண்டிருந்தார்கள் என்பதை ஒரே சொல்லாக எழுதுகிறதா மூன்றாக வெட்டுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு கணக்கு. தவறாக வந்த சொல், விடுபட்ட சொல், தேவையில்லாமல் நுழைந்த சொல் மூன்றையும் கூட்டி, பத்தியின் மொத்தச் சொற்களால் வகுங்கள். ஆராய்ச்சியாளர்களும் பேச்சறி மென்பொருள்களை இப்படித்தான் அளக்கிறார்கள். ஆனால் சொற்களைப் பிரித்தும் சேர்த்தும் எழுதுவது தமிழில் பல விதம் என்பதால், வெறும் இடைவெளித் தவறுகளைத் தனியாக எண்ணுங்கள். அவை திருத்த எளிதானவை. இருபது சொல்லுக்கு ஒரு தவறு என்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம் என்பது என் கணிப்பு. ஐந்துக்கு ஒன்று தவறு என்றால் திருத்தும் நேரத்தில் தட்டச்சே செய்துவிடலாம்.

இன்னொன்று. உங்கள் தமிழ் எந்தத் தமிழ் என்பதும் கணக்கில் வரும். "எழுதிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுத்து நடையில் சொன்னால் பிழையில்லாமல் வரும் இடத்தில், "எழுதிட்டிருக்கேன்" என்று சொன்னால் தடுமாறலாம். நெல்லை வழக்கோ யாழ்ப்பாண வழக்கோ என்றால் தடுமாற்றம் இன்னும் கூடும். கதையில் வரும் உரையாடல்களை வட்டார வழக்கில் எழுதுகிறவர்கள், விவரிப்பைப் பேசியும் உரையாடலைக் கையால் அடித்தும் எழுதுவது நல்லது.

கூகுள் டாக்ஸ்: இங்கிருந்து தொடங்குங்கள்

பிரவுசரிலேயே ஆவணம் எழுத உதவும் கூகுளின் இலவச வசதி இது. புதிதாக வருகிறவர்களை நான் முதலில் அனுப்புவது இங்கேதான். கூகுள் கணக்கு, இணையம், குரோம் பிரவுசர் மூன்றும் இருந்தால் போதும். எட்ஜ், சஃபாரி பிரவுசர்களிலும் நடக்கும். பயர்பாக்ஸ் வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் எதுவானாலும் சரி, பழைய விண்டோஸ் 10 ஆனாலும் சரி.

குரோமில் கூகுள் டாக்ஸைத் திறந்து வெற்று ஆவணம் ஒன்றைத் தொடங்குங்கள். மேலே டூல்ஸ் மெனுவில் வாய்ஸ் டைப்பிங் என்று இருக்கும். கன்ட்ரோல், ஷிப்ட், எஸ் மூன்றையும் சேர்த்து அழுத்தினாலும் வரும். இடப்பக்கம் மைக் படம் போட்ட ஒரு சின்னப் பெட்டி தோன்றும். அதன் மேல் இருக்கும் மொழிப் பட்டியலைத் திறந்து தமிழைத் தேர்ந்தெடுங்கள். இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா என்று நான்கு தமிழ் அதில் உண்டு. உங்கள் நாட்டைத் தேர்ந்தெடுத்துவிட்டு, சந்தேகம் இருந்தால் சோதனைப் பத்தியை இன்னொன்றிலும் படித்துப் பாருங்கள். மைக் படத்தைச் சொடுக்கியதும் முதல் முறை பிரவுசர் அனுமதி கேட்கும், கொடுங்கள். படம் சிவப்பானால் அது கேட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பேசுங்கள்.

மூன்று விஷயங்களை இப்போதே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பழுது என்று நினைத்துவிடுவீர்கள். முதலாவது, தமிழில் பேசும்போது "முற்றுப்புள்ளி" என்றால் புள்ளி வைக்காது, அந்தச் சொல்லையே எழுதும். நிறுத்தக்குறிகளைச் சொல்லி வைக்கும் வசதி அங்கே ஆங்கிலம், ஜெர்மன், பிரெஞ்சு, ஸ்பானிஷ், இத்தாலியன், ரஷ்யன் மொழிகளுக்குத்தான். தமிழுக்குப் புள்ளியையும் காற்புள்ளியையும் கையால்தான் இட வேண்டும். வாக்கியம் முடிந்ததும் ஒரு விரலால் புள்ளி விசையைத் தட்டிவிட்டு அடுத்த வாக்கியத்துக்குப் போகிற பழக்கம் சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவது, "இந்தச் சொல்லை அழி", "இதைத் தடித்த எழுத்தாக்கு" போன்ற ஏவல்களும் தமிழில் கிடையாது. மூன்றாவது, வேறு டேபுக்கோ வேறு மென்பொருளுக்கோ போனால் மைக் தானாக நின்றுவிடும். திரும்பி வந்து மறுபடி சொடுக்க வேண்டும். நிறைய நேரம் பேசாமல் இருந்தாலும் அப்படித்தான். பேசிக்கொண்டே போகாமல் அவ்வப்போது திரையைப் பாருங்கள், சிவப்பு அணைந்தபின் சொன்ன பத்தி எங்கேயும் பதிவாகியிருக்காது.

மைக் வாங்கவே பிடிக்கவில்லை என்பவர்களுக்கு ஒரு வழி. கணினியில் திறந்திருக்கும் அதே கூகுள் ஆவணத்தை உங்கள் ஆண்ட்ராய்டு மொபைலிலும் கூகுள் டாக்ஸ் செயலியில் திறங்கள். மொபைலில் ஜிபோர்டு எனும் கூகுளின் விசைப்பலகைச் செயலியில் தமிழைச் சேர்த்து, அதிலுள்ள மைக்கைத் தொட்டுப் பேசுங்கள். எழுத்து கணினித் திரையில் வந்து விழும். ஜிபோர்டில் தமிழ்க் குரல் தட்டச்சு 2017 ஆகஸ்டிலிருந்தே இருக்கிறது. மொபைல் மைக் வாய்க்கு அருகில் இருக்கும்படி செய்யப்பட்டது என்பதால் பல லேப்டாப் மைக்குகளைவிட அது தேவலை. கையில் மொபைலோடு நடந்துகொண்டே சொல்லிவிட்டு, பிறகு கணினி முன் உட்கார்ந்து திருத்தலாம். முதுகுவலி உள்ளவர்களுக்கு இது வரப்பிரசாதம்.

விண்டோஸ் 11 இருக்கிறதா?

அப்படியென்றால் உங்களிடம் ஏற்கெனவே ஒரு சொல்லெழுதும் மென்பொருள் இருக்கிறது. விண்டோஸ் விசையையும் எச் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு சிறிய மைக் பட்டை மிதந்து வரும். கர்சர் எங்கே நிற்கிறதோ அங்கே எழுத்து விழும். வேர்டு, நோட்பேட், மின்னஞ்சல், பிரவுசரில் இருக்கும் படிவம் என எதுவாக இருந்தாலும் சரி. இது ஆதரிக்கும் மொழிகளில் தமிழும் உண்டு.

தமிழ் வர ஒரு ஏற்பாடு செய்ய வேண்டும். செட்டிங்ஸில் டைம் அண்ட் லாங்வேஜ் பகுதிக்குப் போய், லாங்வேஜ் அண்ட் ரீஜன் என்பதைத் திறந்து, தமிழ் (இந்தியா) மொழியைச் சேருங்கள். இலங்கையிலோ மலேசியாவிலோ இருப்பவர்களும் இதற்கு இந்தியத் தமிழையே சேர்ப்பது நல்லது. குரல் தட்டச்சுக்கு மைக்ரோசாஃப்ட் தருவது அதுதான். இனி விண்டோஸ் விசையோடு இடைவெளி விசையை அழுத்தினால் ஆங்கிலத்துக்கும் தமிழுக்கும் மாறலாம். குரல் தட்டச்சு, அந்த நேரத்தில் எந்த விசைப்பலகை தேர்வாகியிருக்கிறதோ அந்த மொழியைத்தான் கேட்கும். நீங்கள் தமிழில் பேச, திரையில் பொருளற்ற ஆங்கிலச் சொற்கள் வந்தால் விசைப்பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

இதற்கும் இணையம் வேண்டும். குரல் மைக்ரோசாஃப்டின் சர்வருக்குப் போகிறது. மைக் பட்டையின் பல்சக்கரப் படத்தைச் சொடுக்கினால் நிறுத்தக்குறிகளைத் தானாக இடும் ஒரு பொத்தான் இருக்கும். அதைப் போட்டும் அணைத்தும் சோதனைப் பத்தியைப் படித்துப் பாருங்கள். உங்கள் வாக்கியங்களுக்கு எது குறைவாகத் திருத்த வைக்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸ் 10 வைத்திருப்பவர்கள் அதே விசைகளை அழுத்தினால் ஒரு பட்டை வரும், ஆனால் தமிழ் கிடைக்காது. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாஃப்டின் இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது என்பதால் இனி அதில் புதிய வசதி வரும் என்று காத்திருக்க வேண்டாம். கூகுள் டாக்ஸே உங்களுக்குச் சரி.

காசு கொடுத்து வாங்கும் முன்

குரல் தட்டச்சு என்று தேடினால் டிராகன் என்ற பெயர் கட்டாயம் கண்ணில் படும். இந்தத் துறையின் பழைய, பெரிய பெயர் அது. சொல்லுக்குச் சொல் நிறுத்தாமல் இயல்பாகப் பேசியே எழுதலாம் என்பதை 1997-இல் சாதாரணக் கணினிகளுக்குக் கொண்டுவந்த மென்பொருள்களில் முக்கியமானது டிராகன் நேச்சுரலிஸ்பீக்கிங். அதை நடத்திவந்த நுவான்ஸ் நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கி 2022 மார்ச்சில் கைக்கொண்டது. ஆங்கிலத்தில் நாள் முழுக்க அறிக்கை எழுதும் வழக்கறிஞருக்கும் மருத்துவருக்கும் அது சிறந்த கருவி. உங்கள் குரலுக்குப் பழகும், துறைச் சொற்களைச் சேர்த்துக்கொள்ளலாம், கணினியையே குரலால் இயக்கலாம். ஆனால் அதில் தமிழ் இல்லை. ஆங்கிலமும் சில ஐரோப்பிய மொழிகளும்தான். விலையும் நூற்றுக்கணக்கான டாலர். தமிழுக்காக யாராவது அதை வாங்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

விண்டோஸில் வாய்ஸ் ஆக்ஸஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது கணினியைக் கையில்லாமல் இயக்குவதற்கானது, அதிலும் தமிழ் இல்லை. கையைப் பயன்படுத்தவே இயலாதவர்கள் ஆங்கில ஏவல்களுக்கு வாய்ஸ் ஆக்ஸஸையும் தமிழ் எழுத்துக்குக் குரல் தட்டச்சையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

தமிழ் உண்டு என்று விளம்பரம் செய்து மாதக் கட்டணம் கேட்கும் செயலிகளும் பிரவுசர் நீட்சிகளும் பல இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் உள்ளே வேலை செய்வது கூகுளின் அதே பேச்சறிதல்தான், மேலே ஒரு சட்டை போட்டிருப்பார்கள். இலவச சோதனைக் காலம் தருகிறார்களா என்று பாருங்கள். தந்தால் சோதனைப் பத்தியைப் படித்து, கூகுள் டாக்ஸ் தந்ததோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பிழைகள் ஒரே இடத்தில், ஒரே மாதிரி வந்தால் எதற்குக் காசு? சோதனைக்கே கிரெடிட் கார்டு எண் கேட்டால் அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

பதிவுகளுக்கும் ரகசியத்துக்கும்: விஸ்பர்

ஆடியோ கோப்புகளை எழுத்தாக்க வேண்டியவர்களும், குரல் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது என்பவர்களும் விஸ்பரைப் பாருங்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2022 செப்டம்பரில் வெளியிட்ட பேச்சறி மாதிரி (மாடல்) இது, அதாவது பேச்சைக் கேட்டு எழுத்தாக்கப் பழக்கிய நிரல். யாரும் இலவசமாக இறக்கித் தங்கள் கணினியிலேயே இயக்கலாம். ஒருமுறை இறக்கிவிட்டால் இணையமே வேண்டாம். கட்டளைகளைத் தட்டச்சு செய்து இயக்கும் கட்டளை வரியைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்காக இதன்மேல் கட்டிய இலவச மென்பொருள்களும் உண்டு. பஸ் (Buzz) என்ற பெயரில் ஒன்று விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வசன வரிகள் தயாரிக்க உதவும் சப்டைட்டில் எடிட் மென்பொருளுக்குள்ளும் விஸ்பரைச் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆனால் எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொள்ளுங்கள். இதைப் பழக்கியது 6,80,000 மணி நேர ஒலிப்பதிவுகளில். அதில் ஆங்கிலம் தவிர்த்த 96 மொழிகளின் எழுத்தாக்கத்துக்குக் கிடைத்த பங்கு மொத்தமே 1,17,000 மணி நேரம். ஆங்கிலத்தில் காட்டும் திறமையைத் தமிழில் காட்டாது என்பதற்குக் காரணம் இதுவே. டைனி, பேஸ், ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று பல அளவுகளில் கிடைக்கிறது. ஆங்கிலத்துக்கு ஸ்மால் போதும். தமிழுக்கு டைனி, பேஸ் இரண்டையும் தொடவே வேண்டாம். மீடியமோ லார்ஜோதான் படிக்கும்படி எழுதும். லார்ஜுக்குக் கிராஃபிக்ஸ் கார்டில் 10 ஜிபி நினைவகம் வேண்டும், மீடியத்துக்கு 5 ஜிபி. கார்டு இல்லாத கணினியிலும் ஓடும், மெதுவாக. தமிழ் இன்னும் மெதுவாக ஓடும், ஏனென்றால் ஆங்கிலத்தில் ஒரு முழுச்சொல்லையே ஒரு துண்டாகக் கையாளும் இது, தமிழில் ஓர் எழுத்தையே பல துண்டுகளாக உடைத்துத்தான் எழுதுகிறது. இரவு படுக்கும் முன் கோப்பைக் கொடுத்துவிட்டுக் காலையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

அமைப்பில் மொழியைத் தமிழ் என்று நீங்களே குறிப்பிடுங்கள். தானாகக் கண்டுபிடிக்க விட்டால் சில சமயம் வேறு மொழி என்று முடிவுகட்டிவிடும். செய்ய வேண்டிய வேலை எழுத்தாக்கமா மொழிபெயர்ப்பா என்று கேட்கும் இடத்தில் எழுத்தாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். மற்றதைத் தேர்ந்தெடுத்தால் தமிழ்ப் பேச்சு ஆங்கில வாக்கியங்களாக வரும். அப்புறம் முக்கியமான ஒன்று: பதிவில் நீண்ட மௌனமோ பாட்டோ இருந்தால் யாரும் சொல்லாத வாக்கியங்களை இது தானாகவே எழுதும், ஒரே வரியைத் திரும்பத் திரும்பவும் எழுதும். பெரியவர்களின் நினைவுகளையோ சாட்சியங்களையோ எழுத்தாக்கும்போது ஆடியோவைக் கேட்டுக்கொண்டே வரிக்கு வரி சரிபார்க்காமல் யாருக்கும் கொடுக்காதீர்கள். அவர் சொல்லாத ஒன்று அவர் பெயரில் நின்றுவிடக் கூடாது.

கொஞ்சம் கணினிப் பரிச்சயம் உள்ளவர்களுக்கு இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. சென்னை ஐஐடியில் இயங்கும் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கென்றே பேச்சறி மாதிரிகளைப் பழக்கி இலவசமாக வெளியிட்டு வருகிறது. தமிழும் அதில் உண்டு. நிறுவுவது புதியவர்களுக்குச் சற்றுச் சிரமம்தான். வீட்டில் நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் இருந்தால் உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள்.

பேசி முடித்தபின்

எந்த மென்பொருளானாலும் முதல் சில நாட்கள் எரிச்சலாகத்தான் இருக்கும். வாயால் எழுதுவது ஒரு தனிப் பழக்கம். பேசும்போதே திருத்தாதீர்கள். பிழையைக் கண்டதும் நிறுத்தித் திருத்தப் போனால் சிந்தனை அறுந்துவிடும், மென்பொருளுக்கும் வாக்கியம் அறுந்துவிடும். ஒரு பத்தியைச் சொல்லி முடித்துவிட்டு, சொன்னது நினைவில் இருக்கும்போதே திரும்பிப் போய்த் திருத்துங்கள். மறுநாள் பார்த்தால் என்ன சொன்னோம் என்று நமக்கே புரியாத இடங்கள் இருக்கும்.

திருத்தும்போது கண் எங்கே போக வேண்டும் என்பதும் பழகிக்கொள்ள வேண்டிய ஒன்று. தட்டச்சுப் பிழை என்றால் சொல்லே விகாரமாகத் தெரியும். குரல் தட்டச்சின் பிழை அப்படிக் காட்டிக்கொடுக்காது. "மலை பெய்தது" என்பதில் இரண்டு சொல்லும் சரியான சொற்கள்தான், பிழைதிருத்தி எதையும் அடிக்கோடிடாது. அதனால் சொல்லைப் பார்க்காமல் பொருளைப் பார்த்து, வாய்விட்டுப் படியுங்கள். பெயர்களைத் தனியாக ஒருமுறை பாருங்கள். ஒரே பெயர் தொடர்ந்து தவறாக வருகிறதென்றால் ஒவ்வொரு முறையும் போராட வேண்டாம். வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிட்டு, கடைசியில் கன்ட்ரோலும் எச்சும் அழுத்தித் தேடி மாற்றும் பெட்டியில் மொத்தமாக மாற்றிவிடுங்கள். வல்லினம் மிகும் இடங்களில் க், ச், த், ப் விடுபட்டிருக்கும். "அந்த பையன்" என்று வந்ததை "அந்தப் பையன்" ஆக்குவது உங்கள் வேலை.

தொண்டையையும் கவனியுங்கள். தொடர்ந்து பேசினால் குரல் கம்மும், குரல் மாறினால் பிழையும் கூடும். பக்கத்தில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்துக்கொண்டு, பக்கத்துக்கு ஒருமுறை ஓய்வு கொடுங்கள். மணிக்கட்டைக் காப்பாற்றப் போய்த் தொண்டையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது.

எழுதியதை அச்சகத்துக்கோ சிற்றிதழுக்கோ அனுப்புகிறவர்கள் அவர்கள் எந்த எழுத்துருவில் வேலை செய்கிறார்கள் என்று முன்கூட்டியே கேளுங்கள். குரல் தட்டச்சுகள் எல்லாமே, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில்தான் எழுதும். தமிழகத்திலும் இலங்கையிலும் கணினியில் அச்சுப் பக்கம் அமைத்துக் கொடுக்கும் பல டிடிபி நிலையங்கள் இன்னமும் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் பக்கம் அமைக்கின்றன. யூனிகோடு எழுத்தை அப்படியே ஒட்டி எழுத்துருவை மட்டும் பாமினிக்கு மாற்றினால் பாமினி எழுத்தாகிவிடாது. முதலில் எழுத்துரு மாற்றியில் போட்டு மாற்ற வேண்டும், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. மாற்றியபின் ஸ்ரீ, க்ஷ, மேற்கோள் குறிகள், இடையே வரும் ஆங்கிலச் சொற்கள் இந்த நான்கையும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்புங்கள். யூனிகோடு மூலத்தை உங்கள் கணினியில் தனியாக ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.